நியூயார்க் மாநில ஒப்பந்தங்களுக்கான முன்னாள் படைவீரர் நிறுவனச் சான்றிதழ்: முதன்முறை விண்ணப்பிப்போருக்கு

நியூயார்க் மாநில அரசுத் துறைகள் வாங்கும் அலுவலக மேசை முதல் அவை நடத்தும் பாலம் பழுதுபார்க்கும் பணி வரை, ஒப்பந்தத் தொகையில் 6 விழுக்காடு, படைப்பணியால் இயலாமை அடைந்த முன்னாள் படைவீரர்களின் நிறுவனங்களுக்குச் சேர வேண்டும் என்பது 2014 மே மாதத்தில் அன்றைய ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ கையெழுத்திட்ட சட்டம் வகுத்த இலக்கு. அந்த 6 விழுக்காட்டுக்குள் ஒரு நிறுவனம் கணக்கில் வர வேண்டுமானால், மாநிலப் பொதுச் சேவைகள் அலுவலகத்தில் இதற்கென இயங்கும் தனிப்பிரிவு அதற்குச் சான்று வழங்கியிருக்க வேண்டும். ஒப்பந்த வட்டாரத்தில் இந்தச் சான்றைச் சுருக்கமாக எஸ்டிவிஓபி என்றும், அந்த அலுவலகத்தை ஓஜிஎஸ் என்றும் சொல்வார்கள். இதற்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஆகவே கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் பெற்றுத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகரிடம் போவதற்கு முன், இந்தக் கட்டுரையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இலக்கு என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊர் இடஒதுக்கீடு நினைவுக்கு வரலாம். இரண்டும் வேறு. இந்தச் சட்டத்தில் 6 விழுக்காடு என்பது துறைகள் எட்ட முயல வேண்டிய அளவு. எட்ட முடியாதபோது, உண்மையாக முயன்றதற்கான ஆவணங்களைக் காட்டி முதன்மை ஒப்பந்தக்காரர் விலக்குக் கேட்க முடியும். சில கொள்முதல்களைச் சான்று பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே திறந்துவைக்கவும் துறைகளுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சான்றிதழ் கையில் இருப்பதனாலேயே ஓர் ஒப்பந்தமும் தானாக வந்து சேராது.

இதில் தமிழருக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். 2009இல் தொடங்கி 2016இல் ஆள்சேர்ப்பை நிறுத்திய மாவ்னி என்ற திட்டம், கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவரையும் அவர்களுடைய மொழித்திறனுக்காக அமெரிக்கப் படையில் சேர்த்துக்கொண்டது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. மாணவர் விசாவில் வந்து அவ்வழியே சீருடை அணிந்தவர்களும், இங்கேயே பிறந்து படையில் சேர்ந்தவர்களும், பணி முடித்து இப்போது மென்பொருள், கட்டுமானம், சரக்குப் போக்குவரத்து என்று சொந்தத் தொழில் தொடங்கும் வயதில் இருக்கிறார்கள். முழங்கால் வலியையும் காது இரைச்சலையும் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவது நம்மவர் வழக்கம் என்பதால், முதல் படியை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: 10 விழுக்காடு

சான்றுக்குத் தகுதி பெற, கூட்டாட்சி அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறையோ பாதுகாப்புத் துறையோ உங்களுக்குப் பணிவழி இயலாமை 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருப்பதாக மதிப்பிட்டிருக்க வேண்டும். நலத்துறையை எல்லோரும் வி.ஏ. என்றே அழைக்கிறார்கள். நியூயார்க் காவல்படை, நியூயார்க் கடற்படைத் தொண்டர் படை ஆகிய மாநிலப் படைகளில் பணியாற்றியவர்களுக்கு இணையான தனி வழி ஒன்று சட்டத்திலேயே உண்டு.

பத்து விழுக்காடு என்பது பலரும் நினைப்பதைவிடக் குறைந்த அளவு. வி.ஏ. ஏற்கும் பணிவழி இயலாமைகளில் மிகப் பரவலானது காதில் ஓயாமல் கேட்கும் இரைச்சல். அதற்கு இதுவரை வழங்கப்பட்டுவரும் மதிப்பீடு 10 விழுக்காடு. பீரங்கிக்கு அருகிலோ விமானத் தளத்திலோ பணியாற்றிவிட்டு, இரவில் காதில் வண்டு ரீங்கரிப்பதாக மனைவியிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பவர், இதற்கு விண்ணப்பித்தே இருக்க மாட்டார். அப்படிப்பட்டவர் முதலில் போக வேண்டிய இடம் வி.ஏ.; மாநிலச் சான்று அதற்குப் பிறகுதான்.

ஏற்கெனவே மதிப்பீடு இருந்து, அது சுழியம் விழுக்காடு என்று வந்திருந்தால் இரண்டு வழிகள் உண்டு. நிலைமை மோசமாகியிருந்தால் உயர்வு கேட்டு விண்ணப்பிக்கலாம். சுழியம் என்று மதிப்பிடப்பட்ட குறைகள் இரண்டோ அதற்கு மேலோ இருந்து, அவை சேர்ந்து வேலை செய்யும் திறனைத் தெளிவாகப் பாதிக்குமானால், அவற்றுக்கு மொத்தமாக 10 விழுக்காடு வழங்க வி.ஏ. விதிகளில் இடம் உண்டு. மதிப்பீடுகளைக் கூட்டும் கணக்கும் வழக்கமான கூட்டல் இல்லை: 10ம் 10ம் சேர்ந்தால், முதல் பத்தைக் கழித்து எஞ்சிய 90இல் பத்தில் ஒரு பங்கான 9ஐச் சேர்த்து 19 ஆகி, பிறகு அது 20 என்று முழுமையாக்கப்படும். மாநிலச் சான்றுக்கு இந்தக் கணக்கு பெரிதாகத் தேவைப்படாது. ஆனால் நியூயார்க்கில் 10 போதும் என்ற இடத்தில் டெக்சாஸ் தன் மாநிலச் சான்றுக்கு 20 கேட்கிறது. இரண்டு மாநிலங்களிலும் தொழில் செய்ய நினைப்பவருக்கு அது தேவைப்படும்.

இரண்டாம் படி: பணிக்கால ஆவணங்கள்

வேண்டியவை இரண்டு: படையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான டிடி 214 படிவமும், இயலாமை விழுக்காட்டைக் காட்டும் வி.ஏ. கடிதமும்.

டிடி 214 பல நகல்களாக வழங்கப்படும். அதில் முதலாம் நகலில் பணிவிடுப்பு, அதாவது படையிலிருந்து விடுவிக்கப்பட்டது, எத்தன்மையது என்ற விவரம் இராது. நான்காம் நகலில் அது இருக்கும். பெட்டியின் அடியிலிருந்து எடுத்து அனுப்பியது முதலாம் நகல் என்பதால் விண்ணப்பம் குறையுடையதாகத் திரும்பி வருவது தேவையற்ற தாமதம். நான்காம் நகல் தொலைந்திருந்தால் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்திடம் இணையவழி கேட்டுப் பெறலாம். தேசியக் காவல்படையில் இருந்தவர்களுக்கு என்ஜிபி 22 என்ற படிவம் உண்டு. டிடி 214உடன் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வி.ஏ. கடிதத்தை அதன் இணையதளத்தில் உள்நுழைந்து சில நிமிடங்களில் தரவிறக்கலாம். பலன் சுருக்கக் கடிதம் என்ற அதில் எந்தெந்த விவரங்கள் அச்சாக வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஒட்டுமொத்த இயலாமை விழுக்காடு என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், மாதத் தொகையோ பணிக்காலமோ மட்டும் காட்டும் கடிதம் கிடைக்கும், அது இதற்குப் பயன்படாது.

மதிப்புடன் கூடிய விடுப்பும், அதற்கு அடுத்த நிலையான பொது விடுப்பும் ஏற்கப்படும். அவற்றுக்குக் கீழான விடுப்புப் பெற்றவர்களுக்கும் முற்றாகக் கதவடைக்கப்படவில்லை. 2019இல் நியூயார்க் இயற்றி 2020 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, போர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம், மூளைக் காயம், படையில் நேர்ந்த பாலியல் வன்முறை ஆகியவற்றாலோ தன்பாலின ஈர்ப்பு, பாலின அடையாளம் ஆகியவற்றின் காரணமாகவோ குறைந்த தர விடுப்புப் பெற்றவர்கள், மாநில முன்னாள் படைவீரர் சேவைத் துறையிடம் விண்ணப்பித்து மாநில அளவிலான பலன்களைத் திரும்பப் பெறலாம். தீய நடத்தை விடுப்போ அவமதிப்பு விடுப்போ பெற்றவர்களுக்கு இது பொருந்தாது.

மூன்றாம் படி: பெயரும் பிடியும்

இதுவரை சொன்னவை எல்லாம் தாளைத் தேடி எடுக்கும் வேலை. விண்ணப்பம் வெல்வதும் வீழ்வதும் இந்த மூன்றாம் படியில். நிறுவனத்தில் குறைந்தது 51 விழுக்காடு பணிவழி இயலாமை கொண்ட முன்னாள் படைவீரருடையதாக இருக்க வேண்டும். அந்த உரிமை உண்மையானதாகவும் கணிசமானதாகவும் தொடர்வதாகவும் இருக்க வேண்டும். அன்றாட முடிவுகளை அவரே, வேறு யார் தயவும் இன்றி, எடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்க வேண்டும். சட்டம் கேட்பது இந்த மூன்றும் சேர்ந்து.

கணவன் மனைவி ஆளுக்குப் பாதி என்று தொடங்கிய நிறுவனம் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிடும், 50 போதாது. அதைச் சரிசெய்ய, விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் ஒரு விழுக்காட்டை மாற்றி எழுதிக்கொள்வது எளிது. ஆனால் அந்த மாற்றத்துக்கு ஈடாக என்ன தரப்பட்டது, வருமான வரிப் படிவத்தில் அது தெரிகிறதா, நிறுவனத்தை நடத்தும் விதிகளை வகுக்கும் இயக்க ஒப்பந்தத்திலும் அது ஏறியிருக்கிறதா என்ற கேள்விகள் பின்னாலேயே வரும். கூட்டாண்மை நிறுவனங்களிலும் எல்எல்சி எனப்படும் வரையறுத்த பொறுப்பு நிறுவனங்களிலும் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இலாபப் பங்கைக் காட்டும் கே-1 என்ற இணைப்பு ஆண்டுதோறும் தாக்கலாகிறது. இயக்க ஒப்பந்தம் 51 என்று சொல்ல, கே-1 நாற்பது என்று சொன்னால், ஆய்வாளர் நம்புவது வரித்துறைக்குப் போன தாளைத்தான். ஆகவே விண்ணப்பத்துக்கு முன் உங்கள் கணக்காளருடன் உட்கார்ந்து, கடந்த மூன்று ஆண்டு வரிப் படிவங்களையும் பங்குப் பதிவேட்டையும் அருகருகே வைத்து, எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாத இடத்தில், ஏன் என்று விளக்கும் ஒரு பக்கக் கடிதத்தை நீங்களே முன்கூட்டி எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது அதிகாரம். நம் குடும்பங்களில் தொழில் நடக்கும் விதம் வேறு. அண்ணன் பணம் போடுவார், தம்பி பெயரில் பதிவு இருக்கும், கணக்கு வழக்கை அண்ணி பார்ப்பார். யார் முடிவெடுக்கிறார் என்று கேட்டால் எல்லோரும் சேர்ந்துதான் என்று பதில் வரும். வீட்டளவில் அது பெருமைக்குரிய பதிலாக இருக்கலாம். சான்றாய்வில் அதுவே விண்ணப்பத்தைக் கவிழ்க்கும். ஆய்வாளர் தேடுவது எளிய தடயங்களை: ஒப்பந்தப்புள்ளியில் விலை எவ்வளவு என்று தீர்மானிப்பவர் யார், ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் யார், வங்கியில் கையொப்ப அதிகாரம் யாருக்கு, கடனுக்கு யார் பொறுப்பேற்றிருக்கிறார், நிறுவனத்தில் அதிகச் சம்பளம் வாங்குபவர் யார், இந்தத் தொழிலைப் பற்றி அந்த முன்னாள் படைவீரருக்கு என்ன தெரியும். பெரும்பங்கு உரிமையாளர் காலை முதல் மாலை வரை வேறோர் இடத்தில் முழுநேர வேலை பார்க்க, சிறுபங்கு உரிமையாளர் பணியிடத்தில் நிற்கிறார் என்றால், பிடி யாரிடம் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

எல்எல்சியின் இயக்க ஒப்பந்தத்தை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். இணையத்தில் கிடைத்த மாதிரியை அப்படியே கையெழுத்திட்டவர்கள் ஏராளம்; அந்த மாதிரிகளில் முக்கிய முடிவுகளுக்கு எல்லா உறுப்பினர்களின் ஒருமித்த சம்மதம் வேண்டும் என்ற விதி அடிக்கடி ஒளிந்திருக்கும். அந்த ஒரு வரி போதும், 51 விழுக்காடு வைத்திருப்பவரின் கையைக் கட்டிவிட. கார்ப்பரேஷனாக இருந்தால் உள்விதிகளில் கூட்ட நிறைவெண், இயக்குநர் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் பாருங்கள்: சிறுபங்குதாரர் வராமல் கூட்டமே நடத்த முடியாது என்றால், அவரிடம் மறுப்பதிகாரம் இருப்பதாகவே பொருள்.

பொறியியல், கட்டடக்கலை போன்ற உரிமம் வேண்டும் தொழில்களில், நியூயார்க்கின் தொழில்முறை நிறுவனச் சட்டம் உரிமையாளரே உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. முன்னாள் படைவீரர் உரிமம் இல்லாதவராயின் நிறுவனத்தின் கட்டமைப்பைப் பற்றி வழக்கறிஞரிடம் முதலில் பேசுங்கள். உரிமம் தேவைப்படாத தொழில்களில் அவருடைய தன்விவரக் குறிப்புக்கு எடை அதிகம். படையில் செய்த பணியையும் இப்போதைய தொழிலையும் இணைக்கும் விதமாக, வாகனப் பிரிவில் எத்தனை வண்டிகளின் பராமரிப்பைப் பார்த்தார், எத்தனை பேரை மேற்பார்த்தார் என்று திட்டவட்டமாக எழுதுங்கள். படைச் சுருக்கெழுத்துகளை அப்படியே விட்டுவிட்டால், படிக்கும் அலுவலருக்கு ஒன்றும் விளங்காது.

பெயருக்கு ஒரு முன்னாள் படைவீரரை முன்னால் நிறுத்தி, பின்னால் வேறொருவர் தொழில் நடத்துவதற்கு அமெரிக்க ஒப்பந்த வட்டாரத்தில் 'ரென்ட் எ வெட்' என்று பெயரே உண்டு. வாடகைக்கு ஒரு வீரர் என்று பொருள். கூட்டாட்சி ஒப்பந்தங்களில் இதற்காகச் சிறைத் தண்டனை வரை போயிருக்கிறது. நண்பர் ஒருவர் மாதம் ஒரு தொகை தருவதாகச் சொல்லி உங்கள் டிடி 214ஐக் கேட்டால், அவர் கேட்பது உதவி என்று எண்ணிவிட வேண்டாம்.

நான்காம் படி: நிறுவனத்தின் அளவும் மாநிலத் தொடர்பும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். நிறுவனம் சுதந்திரமாக இயங்குவதாகவும், தன் துறையில் ஆதிக்கம் செலுத்தாததாகவும், 300 பேருக்கு மேற்படாத ஊழியர் கொண்டதாகவும் இருக்க வேண்டும். நியூயார்க்கில் அதற்குக் குறிப்பிடத்தக்க தொழில் இருப்பும் வேண்டும். மாநிலத்தில் வரி செலுத்துவது, இங்கே ஆட்களுக்கு ஊதியம் தருவது, இங்குள்ள பொருள்களை வாங்குவது போன்றவை அதைக் காட்டும். நியூ ஜெர்சியில் வீட்டையும் அலுவலகத்தையும் வைத்துக்கொண்டு ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் வேலை செய்பவர்கள், நியூயார்க்கில் தொழில் நடத்துவதற்கான மாநிலப் பதிவையும் ஊதியக் கணக்குகளையும் சேர்த்து அனுப்ப வேண்டும். சிறுபான்மையினர், மகளிர் நிறுவனங்களுக்கான தனிச் சான்றில் உரிமையாளரின் சொத்து மதிப்புக்கு உச்சவரம்பு உண்டு. எஸ்டிவிஓபி சான்றில் அது இல்லை. இரண்டுக்கும் தகுதி உள்ளவர் இரண்டையும் பெறலாம்.

ஐந்தாம் படி: விண்ணப்பம்

பொதுச் சேவைகள் அலுவலகத்தின் இணையதளத்தில் இந்தப் பிரிவின் பக்கத்துக்குச் சென்று, அங்கு சொல்லியிருக்கும் வழியிலேயே விண்ணப்பியுங்கள். நிறுவனப் பதிவுச் சான்று, இயக்க ஒப்பந்தம் அல்லது உள்விதிகள், பங்குச் சான்றுகள், வரிப் படிவங்கள், வங்கிக் கையொப்ப அட்டை, அலுவலக வாடகை ஒப்பந்தம், தொழில் உரிமங்கள், உரிமையாளர்களின் தன்விவரக் குறிப்புகள் ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்புகளாக, பெயரைப் பார்த்தே உள்ளடக்கம் தெரியும்படி சேமித்துக்கொண்டு உட்காருங்கள். 'ஸ்கேன் 0047' என்று பெயர் வைத்து முப்பது கோப்புகளை ஏற்றினால், அதே தாளைக் கேட்டு மீண்டும் மின்னஞ்சல் வரும். சமூகப் பாதுகாப்பு எண் கேட்கப்படாத இடங்களில் அதை மறைத்துவிடுங்கள்.

கூடுதல் விவரம் கேட்டு வரும் கடிதத்துக்குக் கெடு இருக்கும். அதற்குள் பதில் போகாவிட்டால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படலாம். குப்பை அஞ்சல் பெட்டியையும் அவ்வப்போது திறந்து பாருங்கள். மறுப்பு வந்தால் அந்தக் கடிதத்திலேயே காரணமும் மேல்முறையீட்டுக்கான கெடுவும் இருக்கும். கோபத்தில் உடனே மேல்முறையீடு செய்வதைவிட, சுட்டிக்காட்டிய குறை உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இயக்க ஒப்பந்தத்தில் குறை இருந்தால் அதைத் திருத்தி மீண்டும் விண்ணப்பிப்பதே பெரும்பாலும் நேர்வழி.

உதவி வேண்டுமானால், அரசு ஒப்பந்தங்களுக்குச் சிறுநிறுவனங்களைத் தயார்ப்படுத்தும் ஏபெக்ஸ் ஆக்சிலரேட்டர் மையங்கள் மாநிலத்தில் பல இடங்களில் உள்ளன. முன்பு பிடாக் என்று அழைக்கப்பட்டவை இவைதாம். அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

ஆறாம் படி: சான்று வந்த பிறகு

சான்று கிடைத்ததும் உங்கள் நிறுவனம் மாநிலத்தின் பொது அடைவில் ஏறும். முதன்மை ஒப்பந்தக்காரர்கள் ஆளைத் தேடுவது அந்த அடைவில்தான் என்பதால், உங்கள் தொழிலைக் குறிக்கும் விவரங்களைச் செம்மையாக நிரப்புங்கள். 'பொதுக் கட்டுமானம்' என்று மட்டும் இருந்தால் கூரை ஓடு வேலைக்கு ஆள் தேடுபவர் கண்ணில் நீங்கள் படமாட்டீர்கள். 50,000 டாலருக்கு மேற்பட்ட மாநில ஒப்பந்த வாய்ப்புகள் நியூயார்க் மாநில கான்ட்ராக்ட் ரிப்போர்ட்டர் என்ற வெளியீட்டில் விளம்பரமாகின்றன. அதில் பதிவுசெய்து, உங்கள் துறைக்கான அறிவிப்புகள் மின்னஞ்சலில் வரும்படி செய்துகொள்ளுங்கள். மாநிலத்திடமிருந்து நேரடியாகப் பணம் பெற நிதி அமைப்பின் விற்பனையாளர் எண்ணும், ஊழியர் இழப்பீட்டுக் காப்பீட்டுக்கும் இயலாமைக் காப்பீட்டுக்கும் உரிய சான்றுப் படிவங்களும் வேண்டும். இவற்றை ஒப்பந்தம் கைகூடும் வேளையில் தேடாதீர்கள்.

புதிய நிறுவனத்துக்கு முதல் வேலை பெரும்பாலும் துணை ஒப்பந்தமாகவே வரும். பெரிய ஒப்பந்தக்காரர் தம் ஒப்பந்தப்புள்ளியோடு, எந்தச் சான்று பெற்ற நிறுவனத்துக்கு எவ்வளவு வேலை தருவார் என்று ஒரு பயன்பாட்டுத் திட்டத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் உங்கள் பெயரை எழுதிவிட்டு, பின்னர் வேலையைத் தராமலே விடுபவர்களும் உண்டு. எனவே பெயரைச் சேர்க்கச் சம்மதிக்கும்போதே வேலையின் அளவையும் தொகையையும் எழுத்தில் வாங்குங்கள்; வேலை வராவிட்டால் ஒப்பந்தம் வழங்கிய துறையின் தொடர்பு அலுவலரிடம் தெரிவியுங்கள். பொதுக் கட்டுமானப் பணிகளில், மாநிலத்திடமிருந்து பணம் வந்த 7 நாள்களுக்குள் துணை ஒப்பந்தக்காரருக்குரியதைக் கொடுத்தாக வேண்டும் என்பது மாநில நிதிச் சட்டம்.

மறுபக்கமும் இருக்கிறது. ஆலையிலிருந்து எஃகு நேராகப் பணியிடத்துக்குப் போய்விட, விலைச்சிட்டை மட்டும் உங்கள் நிறுவனத்தின் பெயரில் எழுதப்பட்டு, இடையில் உங்களுக்கு ஒரு சிறு கழிவு கிடைக்கிறது என்றால், அது இலக்குக் கணக்கில் செல்லாது. உங்கள் நிறுவனம் வணிக அளவில் பயனுள்ள ஒரு வேலையைத் தானே, தன் ஆள்களையும் தன் பொறுப்பையும் வைத்துச் செய்திருக்க வேண்டும்.

கூட்டாட்சி ஒப்பந்தங்களுக்கு இந்தச் சான்று செல்லாது. அதற்குச் சிறுதொழில் நிர்வாகத்தின் வெட்சர்ட் என்ற தனிச் சான்றை வாங்க வேண்டும். 2023 ஜனவரி முதல் அந்தப் பொறுப்பு வி.ஏ.விடமிருந்து சிறுதொழில் நிர்வாகத்துக்கு மாறியது. பணிவழி இயலாமை என்று வி.ஏ. ஏற்றிருந்தால், விழுக்காடு சுழியமாக இருந்தாலும் அங்கே விண்ணப்பிக்கலாம். நியூயார்க்கில் நின்றுபோன ஒருவர் கூட்டாட்சி அளவில் தகுதி பெறுவது இதனால்தான். இதைப் போன்றதான கலிஃபோர்னியாவின் டிவிபிஇ சான்றும் 10 விழுக்காடு கேட்கிறது. ஆனால் உரிமையாளரான முன்னாள் படைவீரர் அந்த மாநிலத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்பதால், நியூயார்க்வாசிக்கு அது உதவாது.

நியூயார்க்கின் சான்று 5 ஆண்டு செல்லும். இடையில் பங்கு கைமாறினாலோ, புதிய உறுப்பினர் சேர்ந்தாலோ, முகவரி மாறினாலோ, அதே வாரத்தில் அந்தப் பிரிவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். எழுதிய கடிதத்தின் படியை, முதல் விண்ணப்பத்தோடு கொடுத்த தாள்கள் இருக்கும் அதே உறையில் வைத்துவிட்டால், புதுப்பிப்பு வரும்போது மீண்டும் பெட்டிகளைத் துழாவ வேண்டியிராது.